ஒலிபெருக்கியில் பேசியது நான்தான்

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெயரைக் கூப்பிடும்போது நான் "உள்ளேன்" என்று சொல்வது எனக்கே சரியாகக் கேட்காது. அதனால் வருகைப் பதிவின்படி நான் பாதி நாள் பள்ளிக்கே போகவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். படிப்பு ஏறவில்லை என்று உறவில் பேசிக்கொண்டார்கள். படிப்பு ஏறத்தான் செய்தது. வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவளுக்கு வேலை என்றால் அதில் பேச்சு இருக்கக் கூடாது. அப்படி ஒரு வேலை கிடைத்தும் விட்டது. எங்கள் புறநகரின் பெரிய சாலை நடுவே விரைவுப் பேருந்து நிலையம் ஒன்று இருக்கிறது. பேருந்துக்கு மட்டுமே ஒதுக்கிய இரண்டு தடங்கள், அவற்றுக்கு நடுவில் நீளமான கண்ணாடிக் கூடம். இரு பக்கமும் கார்கள் நெரிசலில் நின்று புகைந்துகொண்டிருக்கும்போது எங்கள் பேருந்து மட்டும் தன் தடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். நடைமேடை ஓரத்தில் கண்ணாடிக் கதவுகள். பேருந்து வந்து ஒட்டி நின்றால்தான் திறக்கும். உள்ளே வருகிறவர்கள் அட்டையைத் தட்டினால் தடுப்பு விலகும். எந்தப் பேருந்து எந்தக் கதவுக்கு வருகிறது என்பதை இயந்திரக் குரல் சொல்லிவிடும். என் வேலை, ஓரத்தில் இருக்கும் அகலமான வழி. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருகிறவர், சக்கர நாற்காலியில் வருகிறவர், பெரிய பெட்டியோடு வருகிறவர், இவர்களுக்குப் பொத்தானை அழுத்தித் திறந்துவிட வேண்டும். பொத்தானை அழுத்தும் விரலுக்கு நாக்கு வேண்டியதில்லை.

பேசாதவளுக்குக் கண் சும்மா இருக்குமா? சந்துகளிலிருந்து சின்ன பஸ்கள் ஆட்களை மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டும். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். தினமும் வருகிறவர்களுக்கு மனசுக்குள் பெயர் வைத்திருந்தேன். தோளில் ஒன்று, கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று சுமந்து வருகிற பெண் 'மூணு பை அக்கா'. தலையைத் துவட்டாமல் ஓடி வருகிறவள் 'ஈரத்தலை'. கதவுக் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றபடியே தூங்குகிறவர் 'தூங்குமூஞ்சி'. வரும்போதும் போகும்போதும் சண்டை போடுகிற கணவன் மனைவி 'சேவல் ஜோடி'. விரல் நுனி மட்டும் தெரிகிற அளவுக்குக் கை நீண்ட கோட்டுப் போட்டு வருகிற இளைஞர் 'இரவல் கோட்டு'. இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்குத்தான் வாய் வேண்டுமே.

இந்த நிலையம் எனக்கு வேலை மட்டுமல்ல. நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கினால் எதிரே இருக்கிற மாடிதான் எங்கள் வீடு. என் கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பெரும்பாலும் வீட்டில் இருக்க மாட்டார். அம்மா என்னோடு இருக்கிறாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அம்மாவால் தானாக எழுந்து நடக்க முடியாது. மதிய இடைவேளையில் நான் ஓடிப்போய்ச் சாப்பாடு கொடுத்து, கழிவறைக்குத் தாங்கிக் கூட்டிப்போய், விரிப்பை மாற்றிவிட்டு வருவேன். இடுப்புதான் முறிந்ததே ஒழிய வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கும் சேர்த்து அம்மாவே பேசிவிட்டதால்தான் எனக்குப் பேச்சு மிஞ்சவில்லை என்று நினைக்கிறேன்.

இப்படி நிம்மதியாக ஊமையாக இருந்த காலத்தில் பேருந்துத் தடத்தை மாற்றினார்கள். எங்கள் நிலையத்துக்கு வருவது இரண்டு வகைப் பேருந்து. நேராக நகரத்துக்குப் போவது நேர் பஸ். மேம்பாலம் ஏறி, தொழிற்சாலைப் பக்கமெல்லாம் வளைந்து போவது சுற்றுப் பஸ். இதுவரை நேர் பஸ் முன்கதவுகளுக்கும் சுற்றுப் பஸ் பின்கதவுகளுக்கும் வந்துகொண்டிருந்தன. புதிதாக ஒரு திருப்பம் போட்டதால் இது அப்படியே தலைகீழாகிவிட்டது. ஆனால் இயந்திரக் குரல் மாறவில்லை. நேர் பஸ் முன்கதவுக்கு வருகிறது என்று பழைய பாட்டையே கூசாமல் பாடிக்கொண்டிருந்தது. பேருந்தின் நெற்றியில் பெரிதாக எழுதியிருக்கிறதே என்று கேட்கலாம். பக்கவாட்டில் வந்து நிற்கிற பேருந்தின் நெற்றியை யார் பார்க்கிறார்கள்? கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கதவு திறந்ததும் கால் தானாக ஏறிவிடும். சுற்றுப் பஸ்ஸில் ஏறிவிட்டால் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இறங்க முடியும். முதல் நாள் காலையிலேயே பாதிக் கூட்டம் அங்கே போய் இறங்கி நின்றுகொண்டு எங்களைத் திட்டியது.

சூப்பர்வைசர் வந்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தியையும் பிறந்தநாள் வாழ்த்து மாதிரி சொல்லுவார்.

"ஏம்மா, குரலைப் புதுசாப் பதிவு பண்ணிக் கொண்டுவர நாளாகுமாம். அதுவரைக்கும் பழைய குரலை நிறுத்திட்டு மைக்ல நாமளே சொல்லணும். கவுண்ட்டர் பொண்ணு இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. நீங்கதான்."

நான் கவுண்ட்டரைப் பார்த்தேன். அட்டைக்குப் பணம் போடுகிற அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் 'வெண்கலக் கடை'. கண்ணாடிக்குள்ளிருந்தே அவள் குரல் நடைமேடை முழுக்கக் கேட்கும், மைக்கே தேவையில்லை. ஆனால் அவள் முன்னால் வரிசை வால் நீண்டு நின்றது.

"என்னால…" என்றேன். மீதி வரவில்லை.

"வராதுன்னா பரவாயில்லம்மா. டிப்போவுல பஸ் கழுவுற இடத்துக்கு ஆள் கேக்குறாங்க. அங்க யார்கிட்டயும் பேசவே வேணாம். உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இடம். இங்க பேசுற ஆளாப் பார்த்துப் போட்டுடறேன்."

டிப்போ இந்தத் தடத்தின் மறுகோடியில் இருக்கிறது. போனால் வேலை முடிந்துதான் வர முடியும். மதியம் அம்மா என்ன செய்வாள்?

"சொல்லிடறேன் சார்" என்றேன்.

"என்ன சொன்னீங்க? கேக்கல."

"சொல்லிடறேன்."

"டிப்போவுக்குப் போறேன்னா?"

மூன்றாம் முறைதான் அவருக்குக் கேட்டது. மைக் பிடிக்கச் சம்மதித்தவளின் லட்சணம் இது.

அன்று மாலை வீட்டில் பயிற்சி. கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். தினமும் கேட்ட குரல்தானே, இயந்திரக்காரியை அப்படியே பின்பற்றிவிட்டால் போதும் என்று எனக்கு ஒரு யோசனை. அவளை மாதிரியே மூக்கில் கொஞ்சம், தொண்டையில் கொஞ்சம், சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்த மாதிரி.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு…"

"யாரைடி எழவு வீட்டுக்குக் கூப்பிடறே?" என்றாள் அம்மா கட்டிலிலிருந்து.

"அம்மா, சும்மா இரு."

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? வாயைத் திறந்தா பல்லு கொட்டிடாது. சத்தமா சொல்லு."

"பயணிகளின் கனிவான…"

"இன்னும் சத்தமா. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பாக்கணும்."

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் படுக்கப் போகும் நேரத்துக்குள் நான் இயந்திரமாகவே மாறிவிட்டேன். அம்மாவே, "அட, அவளேதான்டி" என்று ஒப்புக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. வாழ்க்கையில் ஒரு விஷயத்தில் நான் தேறிவிட்டேன்.

மறுநாள் காலை. சின்ன பஸ்கள் கூட்டத்தைக் கொட்டின. நான் மைக்கை எடுத்தேன். குரல் நடுங்கவில்லை, ஏனென்றால் அது என் குரலே இல்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நகரம் செல்லும் நேர் பேருந்து இனி பின்கதவுகளுக்கு வந்து சேரும்." ஒரு பிசிறு இல்லை. கண்ணாடிக்குள்ளிருந்து வெண்கலக் கடை இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டினாள்.

யாரும் அசையவில்லை.

மறுபடி சொன்னேன். ஒரு தலை நிமிரவில்லை. மூணு பை அக்கா பையை மாற்றித் தோளில் போட்டார். தூங்குமூஞ்சி கண்ணாடியில் நெற்றியை இன்னும் வசதியாக வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக அந்தக் குரல் தினமும் சொன்னதையே சொல்லிச் சொல்லி, அதைக் காதில் வாங்காமல் இருக்க இவர்கள் எல்லோரும் பழகிவிட்டார்கள். மின்விசிறிச் சத்தத்தைப் போல அது இவர்களுக்குக் கேட்பதே இல்லை. நான் விழுந்து விழுந்து பயிற்சி செய்தது, இந்த நிலையத்தில் யாருமே கேட்காத ஒரே குரலை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். நான் சங்கையே ஊமையாக்கி ஊதியவள்.

சுற்றுப் பஸ் முன்கதவுக்கு வந்தது. கூட்டம் கும்பலாக ஏறி மேம்பாலத்துக்குப் போனது.

சூப்பர்வைசர் போன் செய்தார். "ஏம்மா, அறிவிச்சீங்களா இல்லையா?"

"அறிவிச்சேன் சார்."

"ரெக்கார்டிங்தான் ஓடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே?"

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான்.

"நாளைக்கும் இப்படியே ஆச்சுன்னா, நான் டிப்போவுக்கு ஏற்பாடு பண்ணிடறேன்மா. மனசுல வச்சுக்காதீங்க."

அன்று மதியம் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கும்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா ஒன்றும் கேட்காமலிருந்தால் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த நாள் காலையும் அதே கூட்டம், அதே முன்கதவு. இயந்திரக் குரலிலேயே இரண்டு தடவை சொன்னேன், வேறு குரல் எனக்குத் தெரியாதே. தூரத்தில் பேருந்துகள் திரும்புவது தெரிந்தது. முன்னால் சுற்றுப் பஸ், அதை ஒட்டி நேர் பஸ். அத்தனை பேரும் தப்பான கதவில் நிற்கிறார்கள். என் கண்ணுக்குப் பேருந்து தெரியவில்லை, டிப்போதான் தெரிந்தது. அம்மா கட்டிலில் தனியாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஐயோ, மூணு பை அக்கா! அங்க இல்ல, அங்க இல்ல! பின்னாடி வாங்க!"

நிலையமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் தன் பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்கதவுக்கு ஓடினார். மடை திறந்துவிட்டது. இனி என்னாலேயே அடைக்க முடியாது.

"ஈரத்தலை! நீங்களும்தான். தூங்குமூஞ்சி சார், எழுந்திருங்க, பஸ் வந்தாச்சு! யாராவது அவரை எழுப்புங்க! சேவல் ஜோடி, சண்டையைப் பின்கதவுல வந்து போடுங்க!"

"யாரைச் சொல்றாங்க?" என்றான் கணவன்.

"உங்களைத்தான். வேற யாரு இங்க கொக்கரிக்கிறது?" என்று மனைவி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"இரவல் கோட்டு! போன்ல பேசினது போதும், பின்னாடி போங்க!"

அந்த இளைஞர் சுற்றும் முற்றும் பார்க்கவில்லை. நேராகத் தன் கைகளைத்தான் பார்த்தார். கோட்டின் கை விரல்களை மூடியிருந்தது. மெதுவாகப் பின்கதவுக்கு நடந்தார். பெயர் இல்லாதவர்கள்கூட எதற்கு வம்பு என்று அவரவர் கதவைத் தேடி ஓடினார்கள். கதவுகள் திறந்தன, மூடின, பேருந்துகள் போயின. ஒருவர்கூடத் தவறி ஏறவில்லை.

அதற்குப் பிறகு வந்த அமைதியில் வெண்கலக் கடையின் சிரிப்பு மட்டும் கேட்டது. கவுண்ட்டர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க! அக்கா, எனக்கு என்ன பேரு வச்சிருக்கே? உண்மையைச் சொல்லு!"

நான் அகல வழியின் பொத்தானைத் துடைக்கத் தொடங்கினேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மதியத்துக்கு முன்பே சூப்பர்வைசர் நேரில் வந்துவிட்டார். முகம் பாதி சிரித்தது, பாதி சிரிக்கவில்லை.

"கன்ட்ரோல் ரூம்ல கேமராவுல பாத்துட்டுக் கைதட்டினாங்களாம். ஒரு ஆள்கூடத் தப்பு பஸ்ல ஏறல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்புறம் ஒரு புகார் வந்திருக்கும்மா. கோட்டுப் போட்ட ஒருத்தர். எல்லார் முன்னாடியும் தன்னைக் கேவலப்படுத்திட்டாங்கன்னு சொல்றார். புகார் நின்னுச்சுன்னா டிப்போகூடக் கிடைக்காது, வீட்டுக்குத்தான். அவரே வேணாம்னு சொன்னா நான் விட்டுடுவேன். பேசிப் பாருங்க."

பேசிப் பாருங்க. நீச்சல் தெரியாதவளைக் கிணற்றில் தள்ளி, கரையேறி வந்தவளைக் கடலுக்குப் போய் வா என்கிற மாதிரி. மைக்கில் பேசினால் முகம் பார்க்க வேண்டியதில்லை. இது ஒரு முழு மனிதரிடம், நேருக்கு நேர்.

மறுநாள் காலை அந்த இளைஞர் வந்தார். அதே கோட்டு. அதற்கு முன்னால் மூணு பை அக்கா இரண்டு பையோடு வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிருந்தார். நான் என் இடத்தை விட்டு நகர்ந்து இளைஞர் அருகில் போய் நின்றேன். நின்றேனே ஒழிய வார்த்தை வரவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"நாங்க உங்களுக்கு என்ன பேரு வச்சிருக்கோம்னு தெரியுமா?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

"கேமரா. பாத்துக்கிட்டே இருப்பாங்க, பேசவே மாட்டாங்கன்னு. ஆனா நாங்க அதை மைக்ல சொல்லலியே."

"தப்புதான் சார். வேணும்னு சொல்லல. பஸ் வந்துடுச்சு. பயத்துல…"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இது என் மச்சானோட கோட்டு. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கை நீளமா இருக்கு."

"மடிச்சா கோடு விழுந்துடும், திருப்பிக் கொடுக்கணும்" என்றார். அப்புறம் கோபம் நினைவுக்கு வந்தது. "அதோ நிக்கிறாங்களே ரெண்டு பேர், என் ஆபீஸ்காரங்க. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகல. நேத்து நாள் பூரா என்னை இரவல் கோட்டு, இரவல் கோட்டுன்னுதான் கூப்பிட்டாங்க. மேனேஜரே சிரிச்சார். இனிமே அங்க என் பேரே அதுதான்."

நான் வைத்த பெயர் என் தலைக்குள்ளேயே இருந்தவரை யாருக்கும் வலிக்கவில்லை. அதற்குக் கால் முளைத்து ஒருவர் வேலை செய்கிற இடம் வரைக்கும் போய்விட்டது.

"நான் என்ன செய்யணும் சார்?"

"எதுல சொன்னீங்களோ அதுலயே திருத்திச் சொல்லுங்க. இப்பவே. அவங்க ரெண்டு பேரும் கேக்கணும். சொன்னா புகாரை வாபஸ் வாங்கிடறேன்."

மைக்குக்குப் போனேன். தொண்டையைச் செருமினேன். பேருந்து வர இன்னும் நேரமிருந்தது. இப்போது அவசரம் இல்லை, பயம் மட்டும் இருந்தது. எல்லோரும் நேற்றைப் போல ஏதாவது கிடைக்கும் என்று ஆவலாக நிமிர்ந்து பார்த்தார்கள். சேவல் ஜோடிகூடச் சண்டையை நிறுத்திவிட்டது.

"எல்லாருக்கும் ஒரு விஷயம்" என்றேன். "நேத்து நான் ஒருத்தரோட கோட்டைப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன். அது இரவல் இல்ல. அவரோட சொந்தக் கோட்டுதான்."

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் நிறுத்தத் தெரியும். எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்ததால் நானும் பேசிக்கொண்டே போனேன்.

"அளவு கொஞ்சம் பெருசாத்தான் இருக்கு. அது தெரிஞ்சேதான் வாங்கியிருக்கார். வளர்ற பையன். தினமும் எல்லாருக்கும் முன்னாடி வந்துடறார். சக்கர நாற்காலியில யாராவது வந்தா எனக்கு முன்னாடியே ஓடி வந்து தள்ளிவிடறார். கோட்டைப் பாத்த நான் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கணும். நேர் பஸ் பின்கதவுக்கு வருது. நன்றி."

கூடம் முழுக்கச் சிரிப்பு. வளர்ற பையன் என்று சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கு வியர்த்தது. அலுவலகக்காரர்களில் ஒருவர் அவர் முதுகில் தட்டி, "தம்பி, இன்னும் எவ்வளவுய்யா வளருவே?" என்றார். இளைஞரின் முகம் எனக்குத் தெரியவில்லை. பேருந்து வந்து அவரை விழுங்கியது. கதவு மூடும்போது கண்ணாடி வழியே ஒரு கை தூக்கப்பட்டது. விரல்கள் கோட்டுக்குள் இருந்ததால் அது கையசைப்பா, அடிக்க ஓங்கியதா என்று புரியவில்லை.

அதன்பிறகு போன் எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். ஒரு தள்ளுவண்டிக்குத் திறக்க வேண்டியதை இரண்டு முறை மூடிவிட்டேன். குழந்தையின் அம்மா என்னை முறைத்தாள், குழந்தை சிரித்தது. வேலை போய்விட்டால் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். பேசியதால் வேலை போனது என்றால் அம்மா நம்புவாளா?

மதியம் நெருங்கும்போது போன் வந்தது.

"வாபஸ் வாங்கிட்டார்மா" என்றார் சூப்பர்வைசர். "அவரே போன் பண்ணி, 'பாவம், விட்டுடுங்க, அவங்களுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியல, அவ்வளவுதான்'னார்."

"அப்ப நான் இங்கயே…"

"இங்கயேதான். ஆனா பட்டப்பேர் வேணாம், கும்பிட்டுக் கேட்டுக்கறேன். சட்டை நிறம், பை, குடை, இப்படிச் சொல்லிக் கூப்பிடுங்க. அப்புறம் இன்னொண்ணு. புதுக் குரல் வந்தாலும் காலை நேரத்துல நீங்கதான் மைக். கன்ட்ரோல் ரூம்ல முடிவே பண்ணிட்டாங்க. சந்தோஷம்தானே?"

பேசாத வேலை என்று தேடிவந்த இடத்தில், பேசுவதற்கென்றே என்னை நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். "சந்தோஷம் சார்" என்றேன். முதல் தடவையிலேயே அவருக்குக் கேட்டுவிட்டது.

இடைவேளையில் நடைமேம்பாலம் ஏறி ஓடினேன். அம்மாவைக் கழிவறைக்குத் தாங்கிக் கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்து, தட்டை மடியில் வைத்தேன். வேலை நிலைத்துவிட்டதைச் சொன்னேன். அவளோ ஜன்னல் வழியே காலை முழுக்க ஒலிபெருக்கியைக் கேட்டிருக்கிறாள்.

"ஆமா, யாரு கோட்டுடி அது?"

"அவரோடதும்மா."

"பொய். அவனோட கோட்டா இருந்தா, எதுக்குடி மைக்ல ஊருக்கே சொல்றே?"

"நிஜமா அவரோடதுதான்."

"சரி, சரி" என்றாள் அம்மா, சாப்பிட்டுக்கொண்டே. "கை நீளத்தை உள்பக்கமா நாலு தையல் போட்டா யாருக்கும் தெரியாது. திருப்பிக் கொடுக்கும்போது பிரிச்சுடலாம். அவன்கிட்ட மெதுவாச் சொல்லு. மைக்ல சொல்லித் தொலைக்காதே."

விரிப்பை மாற்றிவிட்டு, ஊசியும் கறுப்பு நூலும் எங்கே இருக்கின்றன என்று தேட ஆரம்பித்தேன்.